செல்லத்தாய் வாசலில் இறங்கிய மூடுபனி

வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறத் தொடங்கும் இடத்தில் சோதனைச்சாவடிக்காரர் என் தண்ணீர்ப் போத்தலைக் கேட்டார். பிளாஸ்டிக் போத்தல் மேலே போகக் கூடாதாம். கொழும்பு விமான நிலையத்தில் கொள்ளை விலைக்கு வாங்கியது, பாதிகூடத் தீரவில்லை. குடித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லிச் சாலையோரத்தில் நின்று மடக் மடக்கென்று குடித்தேன். “மெதுவாக் குடிங்கம்மா, பொரை ஏறிறப் போகுது” என்றார் அவர். ஒரு நாட்டின் சார்பில் வந்தவளுக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அதுதான். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன.

என்னை ஏற்றிக்கொண்டு வந்தவர் முத்தையா. ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும். மதுரை விமான நிலையத்திலிருந்து பேசாமல் வந்தவர், பெருமாள்மலையில் வண்டியை நிறுத்தி டீக்கடையில் “ரெண்டு பிளேன்டீ” என்று கேட்டதும் நான் திரும்பிப் பார்த்தேன். பால் இல்லாத தேநீருக்கு அந்தப் பெயர் எங்கள் ஊர்ப் பெயர். கடைக்காரர் பழகியவர்போலத் தலையாட்டிவிட்டுப் போட்டார்.

“நீங்கள் எந்தப் பக்கம்?” என்றேன்.

“கைப்புள்ளையாக் கப்பலேறி வந்தவன்மா. அம்மாவும் அப்பாவும் பதுளப் பக்கம் தோட்டத்துல இருந்தவங்க. எங்க அம்மா கடைசி வரைக்கும் ரொட்டிய பாண்னுதான் சொன்னாங்க. இங்க இன்னும் என்னைய சிலோன்காரன்னுதான் கூப்புடுறாங்க.”

“நானும் பதுளைதான். அங்கே எங்களை இந்தியத் தமிழர் என்றுதான் எழுதுகிறார்கள்.”

“அப்ப ரெண்டு பக்கமும் நாம விருந்தாளி” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எந்த நாட்டுப் பட்டியலில் நம் பெயர் இருக்கிறது என்ற கேள்வி என் குடும்பத்துக்குப் புதிதல்ல. இந்த முறை நான் வந்ததும் ஒரு பட்டியலின் பொருட்டுத்தான்.

விஷயம் இதுதான். பல நாடுகள் ஒன்றுசேர்ந்து நடத்தும் ஆராய்ச்சி நிதித் திட்டம் ஒன்று இருக்கிறது. பொதுவான பணப்பெட்டி ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் விஞ்ஞானிகளுக்குத் தானே செலவு செய்யும். மூன்று நாடுகளாவது சேர்ந்தால்தான் ஒரு குழு. ஒரு நாடு கையை விரித்தால் குழுவே கலைந்துவிடும். இலங்கை போன சுற்றில்தான் முதன்முதலாகச் சேர்ந்தது. ஊரில் சமையல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற களைப்பு ஆறாத காலம் அது. ‘இப்போது இது தேவையா’ என்று கேட்டவர்கள் எல்லோரையும் நான் குறை சொல்ல மாட்டேன். எப்படியோ சேர்ந்தோம். திட்டத்தின் இணையப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் கொடிகளில் எங்கள் சிங்கம் கடைசியில் நிற்கிறது. ஒப்புக்குச் சப்பாணிதான், ஆனாலும் ஆட்டத்தில் இருந்தோம்.

எங்கள் நாட்டிலிருந்து தேர்வான ஒரே குழு எங்களுடையது. இரண்டாம் கட்ட நிதிக்குத் தகுதியா என்று பார்க்க மதிப்பீட்டுக் குழு ஒன்று கொடைக்கானலுக்கு வருகிறது. புறப்படும் முன், எங்கள் நாட்டுப் பங்கைக் கவனிக்கும் கொழும்பு அதிகாரி ஒளிக்காமல் சொல்லிவிட்டார். “இது கிடைத்தால் அதைக் காட்டி அடுத்த சுற்றிலும் நாட்டைச் சேர்க்கச் சொல்லி நான் போராடுவேன். கிடைக்காவிட்டால் என்னிடம் காட்ட ஒன்றுமில்லை, மேடம்.” நல்ல மனிதர். அவர் குரலில் கெஞ்சல்தான் இருந்தது. என் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மூன்று பேரின் பிழைப்பும் அந்த ஒரு பதிலில்தான் இருந்தது.

இரண்டாம் நாள் காலை ஏரியைச் சுற்றி நடந்தேன். எங்கள் நுவரெலியாக் குளிர்போலவே ஒரு குளிர். அதே யூகலிப்டஸ் வாசம், அதே குதிரைச் சாணம். சுட்ட மக்காச்சோளம் விற்றவர் எலுமிச்சையில் மிளகாய்த்தூளைத் தொட்டு ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கொடுத்தார். எங்கள் ஊரில் உப்புத் தண்ணீரில் அவித்துக் கொடுப்பார்கள். இது நாக்கைக் கிள்ளியது, ஆனால் இன்னொன்றும் வாங்கினேன். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண் கைபேசியில் “மம்மி, ஃபுல் மிஸ்ட், வ்யூவே தெரியல, வேஸ்ட்டு” என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மூடுபனிக்காகத்தான் மூன்று நாடுகள் இங்கே கூடியிருக்கின்றன என்று அவளிடம் சொல்லத் தோன்றியது.

எங்கள் ஆராய்ச்சியே மூடுபனிதான். மழை பெய்யாத மாதங்களிலும் மலை ஓடைகளில் தண்ணீர் வருகிறது. அதில் மூடுபனிக்கு எவ்வளவு பங்கு? இதை அளக்க ஒரு கருவி. கம்பத்தின்மேல் உருளையாக ஒரு வலை, அதன்கீழே புனல், புனலுக்குள் ஒரு சின்ன வாளி. காற்றில் வந்து வலையில் மோதும் பனி சொட்டுச் சொட்டாக இறங்கி, வாளி நிறைந்து கவிழும்போதெல்லாம் உள்ளே கணக்கு ஏறும். ஒரு கருவி இங்கே கொடைக்கானலைத் தாண்டிய பூண்டி கிராமத்தில், இன்னொன்று எங்கள் அப்புத்தளையில். கருவிகளைச் செய்து கொடுத்ததும் கணக்கிடுவதும் ஸ்வீடன்காரர்கள்.

பூண்டியின் அளவு எல்லோரையும் அசத்தியது. வறண்ட மாதங்களில்கூட, மழையில்லாத ஒவ்வொரு விடியலிலும் கருவியில் தண்ணீர் இறங்கியிருந்தது. அப்புத்தளையில் அநேகமாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு இணையக் கூட்டத்திலும் எனக்கு அசடு வழியும். “உங்கள் மலைப் பனி தாராளம், எங்கள் மலைப் பனி கஞ்சம்” என்று நானே சொல்லிச் சிரித்துத் தப்பித்துக்கொள்வேன். இரண்டாம் கட்டத்துக்கு நாங்கள் எழுதியது முழுவதும் பூண்டியின் மேல்தான் நின்றது.

அன்று மதியம் விருந்தினர் விடுதியில் மூவரும் உட்கார்ந்தோம். அமுதா மதுரைப் பேராசிரியை, இந்தியத் தரப்புக்குத் தலைவி. படபடவென்று பேசுவார், அதைவிட வேகமாக வேலை செய்வார். ஹென்ரிக் ஸ்வீடன் தரப்பு. இட்லியைக் கத்தியால் வெட்டிச் சாப்பிடும் உயரமான மனிதர். மதிப்பீட்டுக் குழுவின் முன் யார் பேசுவது என்று வந்தபோது அமுதா யோசிக்கவே இல்லை. “லெட்சுமி பேசட்டும். புதுசாச் சேந்த நாடு பேசினா நல்லா இருக்கும்.” எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசிக் கொடிக்காரியை யாரும் அப்படி முன்னால் நிறுத்தியதில்லை.

மதிப்பீட்டுக் குழுவினர் முன்கூட்டியே ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்கள். போன தை மாதத்தில் பூண்டி வரைபடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. நாள்தோறும் இறங்கிய பனி, ஒரு சில வாரம் அடியோடு நின்று, பிறகு எதுவும் நடக்காததுபோலத் திரும்பவும் தொடங்குகிறது. ஏன்? நாங்கள் எழுதும்போது ‘வறண்ட காற்று, தெளிந்த வானம்’ என்று ஊகித்து எழுதியிருந்தோம்.

“கருவி நிற்பது யார் வீட்டில்? அவர்களிடமே கேட்டால் என்ன?” என்றார் ஹென்ரிக், ஆங்கிலத்தில். “வானம் தெளிவாக இருந்தது என்று ஒருவர் நினைவு கூர்ந்தால்கூட நமக்குப் பலம்.”

அமுதாவுக்கு மண்டப ஏற்பாடு இருந்தது. நான் போகிறேன் என்றேன். மூடுபனியைத் தாராளமாகக் கொடுத்த இடத்தை ஒருமுறை கண்ணால் பார்க்கும் ஆசையும் இருந்தது.

மூன்றாம் நாள் முத்தையாவுடன் கிளம்பினேன். மன்னவனூர்ப் பாதையில் பைன் காடு முடியும் வளைவில் வண்டி நின்றது. சாலையின் குறுக்கே ஒரு காட்டுமாடு. நான்கு கால்களிலும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல, ஒரு சின்ன லாரி அளவுக்கு நின்று எங்களைப் பார்த்தது. முத்தையா எஞ்சினை அணைத்தார். “அதுக்கா எப்பத் தோணுதோ அப்பத்தான் போகும். ஹாரன் அடிச்சா நமக்குத்தான் சேதாரம்.” காத்திருந்தோம். பின்னால் வந்த காய்கறி வண்டிக்காரரும் இறங்கி, பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் அவசரமில்லை. எங்கள் ஊரில் இப்படிச் சாலையில் நிற்பது யானை. அங்கே ஆளாளுக்கு ஆலோசனை சொல்வார்கள்.

அந்தக் காட்டுமாட்டுக்கும் எங்கள் ஆராய்ச்சிக்கும் ஒரு தொடர்பு உண்டு. கருவியை முதலில் சோலைக்காட்டின் ஓரத்தில்தான் நட்டார்கள். காட்டுமாடு வந்து முதுகைத் தேய்த்துச் சாய்த்துவிட்டது. மறுபடி நட்டார்கள், மறுபடி சாய்த்தது. கடைசியில் காட்டை ஒட்டிய ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த வீடு செல்லத்தாயுடையது.

பூண்டியில் இறங்கியதும் பூண்டு வாசம் மூக்கில் ஏறியது. படிப்படியாக வெட்டிய நிலம், காரட் பச்சை, பீன்ஸ் கொடி. செல்லத்தாய்க்கு ஐம்பதை ஒட்டிய வயது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “வாங்க வாங்க. அமுதா மேடம் போன் பண்ணாங்க, சிலோன் மேடம் வர்றாங்கண்டு. உள்ள வாங்க, வெளிய குளுரு கடுக்குது. வீட்டுக்காரரு காரட்டு லோடு ஏத்தப் போயிருக்காரு.”

உள்ளே அடுப்புக்குமேலே கூரை தெரியாத அளவுக்குப் பூண்டுக் கொத்துகள் தொங்கின. புகை பட்டால்தான் விதைப்பூண்டு கெடாமல் இருக்குமாம். கண் எரிந்தது. கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். எங்கள் வீடுகளில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்போம், இங்கே அதைக் கரைத்தே கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு டம்ளர் குடித்தேன்.

வாசலில் கருவி நின்றது. படத்தில் பார்த்ததைவிடப் பளபளவென்று இருந்தது. அப்புத்தளையில் எங்களுடையது பாசி பிடித்து, வலையில் சிலந்தி கூடு கட்டி, ஆதரவற்றதுபோல நிற்கும். இதன் அடியில் செம்மண் பூசி, சுற்றிலும் கோலம் போட்டிருந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மெதுவாகக் கேட்டேன். “அக்கா, போன தையில கொஞ்ச நாள் பனியே இல்லாமல் வானம் தெளிவாக இருந்ததா? ஞாபகம் இருக்கா?”

“போன தையா? தையிலதாங்க எங்க மாமியா தவறுனாங்க. அத மறக்க முடியுமா? பனி இல்லையாவா, நல்லாச் சொன்னீங்க. அப்பிடி ஒரு பனி. பொணத்த எடுக்குறப்ப முன்னால போறவுக முதுகு பின்னால வர்றவுகளுக்குத் தெரியல. காரியம் முடியிற வரைக்குமே அப்பிடித்தான் மூடிக் கெடந்துச்சு.”

எனக்குப் புரியவில்லை. அவ்வளவு பனி என்றால் வரைபடத்தில் மலை எழும்பியிருக்க வேண்டும். பள்ளம் எப்படி வந்தது?

“அந்த நாட்களில் இந்தக் கருவி ஏதும் பழுதாகிக் கிடந்ததா?”

“அது பாட்டுக்குத்தான் நின்னுச்சு. நாந்தாங்க அதக் கவனிக்கல. துட்டி வீட்டுல வாசத் தெளிச்சுக் கோலம் போடக் கூடாதுல்ல. வாசத் தெளிக்கல, அதனால இதையும் கழுவல. பறவ எச்சம் போட்டுக் காஞ்சு கெடந்துச்சு. காரியம் முடிஞ்ச மறுநாளே வெள்ளனே எந்திரிச்சு மொத வேலையாக் கழுவி விட்டுட்டேன்.”

“கழுவி விட்டீர்களா?”

“தெனமும் கழுவுறதுதாங்க. வெள்ளனே வாசத் தெளிக்கயில ஒரு செம்புத் தண்ணிய மேல ஊத்தி, அந்த வலையத் தொடச்சு விட்டுருவேன். மேடம்தான் சொன்னாங்க, சுத்தமா வச்சுக்கங்கண்டு.”

“மழை பெய்தால்?”

“மழை பேஞ்சா அதுவே கழுவிக்கும்ல” என்று சிரித்தார்.

மழையில்லாத ஒவ்வொரு விடியலிலும் இறங்கிய பனி. மழைத் தண்ணீரைக் கழித்தால், மழை நாளில் மட்டும் வராத பனி. அதற்கு நாங்கள் எவ்வளவு அழகாகக் காரணம் எழுதியிருந்தோம்! அத்தனையும் இந்த அம்மாவின் கைச்செம்பு. வீட்டு மறைவில், காற்றே மோதாத இந்த வாசலில், உண்மையான பனியின் கணக்கு அந்தப் பள்ளத்தில்தான் இருந்தது. அநேகமாக ஒன்றுமில்லை. எங்கள் அப்புத்தளையைப் போலவே.

நான் குனிந்து புனலுக்குள் பார்ப்பதைக் கண்டு அவர் முகம் மாறியது. “நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனாங்க?”

இல்லை, இல்லை என்று பதறினேன். “சுத்தமாக வைக்கச் சொன்னோம், நீங்கள் வைத்தீர்கள். தப்பு ஒன்றும் இல்லை அக்கா. ஆனால் நாங்கள் சொல்கிற வரைக்கும் இதன் மேல தண்ணி ஊத்தாதீங்க. எச்சம் போட்டாலும் பரவாயில்லை.”

“தொடக் கூடாதா?”

“தொடவேண்டாம்.”

“சரிங்க” என்றார். ஆனால் அந்தக் கண் என்னை நம்பவில்லை. ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார். சோறு, பூண்டுக் குழம்பு, பீன்ஸ் பொரியல். பூண்டு ஒவ்வொன்றும் வெண்ணெய்போல நாக்கில் கரைந்தது. அந்த நேரத்தில் அது அவ்வளவு ருசியாக இருந்ததற்காக எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. முத்தையா மூன்றாம் தடவை சோறு வாங்கினார்.

திரும்பும் வழி முழுக்க நான் நினைத்ததை எழுதிவிடுகிறேன். ஏன் கேட்டோம் என்று நினைத்தேன். காட்டுமாடு இன்னும் கொஞ்ச நேரம் குறுக்கே நின்று எங்களைத் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். கொழும்பு அதிகாரியின் குரலை நினைத்தேன். அந்தக் கடைசிக் கொடியை நினைத்தேன். முத்தையா கண்ணாடியில் பார்த்துவிட்டு, “ஒடம்பு சரியில்லையாம்மா? பெரட்டுதா?” என்று வண்டியை ஓரங்கட்டினார். வளைவுகள்தான் காரணம் என்று சொல்லி, அவர் கொடுத்த எலுமிச்சையை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விடுதியில் அமுதாவும் ஹென்ரிக்கும் தேநீரோடு காத்திருந்தார்கள். சொன்னேன். அமுதா நெற்றியில் கையை வைத்தார்.

“சுத்தமா வச்சுக்கங்கன்னு நான்தான் சொன்னேன்” என்றார் அமுதா. “சுத்தம்னா அவங்களுக்கு என்னன்னு நான் யோசிக்கல. நானும் வாசத் தெளிக்கிற வீட்டுல பொறந்தவதானே.” பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். “லெட்சுமி, நாளைக்கு இதச் சொல்ல வேண்டாம். ரெண்டாம் கட்டம் வரட்டும். வந்ததும் கருவிய மாத்தி வச்சு, எல்லாத்தையும் மொதல்லேர்ந்து அளப்போம். உண்மைய அப்ப எழுதுவோம். எனக்காகச் சொல்லல. எங்களுக்கு இது போனா இன்னொரு திட்டம் வரும். உங்க நாட்டுக்கு?”

அதில் பொய் இல்லை. எனக்காகத்தான் சொன்னார். அதனால்தான் அது கூடுதலாக வலித்தது.

ஹென்ரிக் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். “அந்தத் தண்ணீரைப் பனி என்று கணக்குப் போட்டவன் நான். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் வருகிற பனியைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அது அழகாக இருந்தது. அதனால் விட்டுவிட்டேன்.” பிறகு என்னைப் பார்த்தார். “நாளைக்குப் பேசுவது நீங்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.”

அமுதா சொன்னதுபோலச் செய்துவிடலாம் என்று இரவுச் சாப்பாட்டின்போது முடிவு செய்தேன். பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, நாளைக்கு வாயில் வரவேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ‘அந்த நாட்களில் வானம் தெளிந்திருந்தது.’ சொல்லும்போதே, முன்னால் போகிறவர் முதுகு தெரியாத பனியில் ஒரு பாடை போவது கண்ணில் வந்தது. அந்தச் சாவுக்கு நான் போகவில்லை. இறந்தவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் பனியை இல்லை என்று சொல்ல என் நாக்கு ஒப்பவில்லை. பரோட்டா பாதியில் நின்றது.

நான்காம் நாள். மதிப்பீட்டுக் குழுவின் தலைவி வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி. குளிருக்கு ஏரிக்கரையில் வாங்கிய கம்பளித் தொப்பியோடு வந்திருந்தார். நான் எழுந்து நின்று, முதல் படத்தைப் போட்டு, பூண்டியின் வரைபடத்தைக் காட்டினேன். “இந்தப் பள்ளத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த வரைபடத்தில் உண்மையானது இந்தப் பள்ளம் மட்டும்தான்” என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வாசல் தெளிப்பது என்றால் என்ன, சாவு விழுந்த வீட்டில் ஏன் அது நிற்கும் என்பதை எல்லாம் ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. செல்லத்தாயின் பெயரைச் சொல்லவில்லை. “அந்த வீட்டார் நாங்கள் சொன்னதைத்தான் செய்தார்கள்” என்றேன். அப்போது அமுதா எழுந்தார். “சொன்னது நான்” என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் மாலை சொல்லவேண்டாம் என்றவர் அவர்.

தலைவி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “உங்களுக்கு இது எப்போது தெரியும்?”

“நேற்று மதியம்.”

“இதை எடுத்துவிட்டால் உங்கள் குழுவிடம் என்ன மிச்சம்?”

“எங்கள் நாட்டின் அளவு. அது மிகச் சிறியது.”

“சிறியதாக இருந்தாலும் அது அளவு” என்றார். அதில் பரிவு இருந்தது. அவர்கள் எடுத்த முடிவில் அது இல்லை. மாலையில் அழைத்துச் சொன்னார்கள். நேர்மைக்கு நன்றி. இந்தச் சான்றுகளை வைத்து இரண்டாம் கட்டம் தர முடியாது. அடுத்த சுற்றில் மூன்று நாடுகளோடு புதிதாக விண்ணப்பிக்கலாம்.

மூன்று நாடுகள் என்றதும் ஹென்ரிக்கும் அமுதாவும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். நான் வெளியே வந்து கொழும்புக்கு அழைத்தேன். அதிகாரி கடைசிவரை கேட்டார். “நீங்கள் செய்தது சரி மேடம்” என்றார். கொஞ்சம் விட்டு, “ஆனால் இனி நான் எதைக் காட்டிக் கேட்பது?” என்றார். நாட்டின் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து போகப் போகிறது என்பது இருவருக்கும் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகள் நடுவே நின்று அழுதேன். ஒரு குதிரைக்காரர் “சவாரி வேணுமாக்கா?” என்று கேட்டு, முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

ஐந்தாம் நாள் மதுரைக்கு இறங்க வேண்டும். கருவியைக் கழற்ற ஆள் வர ஒரு மாதமாவது ஆகும் என்று அமுதா சொன்னார். நான் முத்தையாவிடம், வெள்ளனே கிளம்பினால் பூண்டிக்குப் போய்வர முடியுமா என்று கேட்டேன். அது எதிர்த்திசை. “வெரசாப் போயிட்டு வந்துறலாம். அந்தக் காட்டுமாடு மட்டும் மனசு வைக்கணும்” என்றார். மனசு வைத்தது.

பூண்டியில் மூடுபனி இறங்கியிருந்தது. வண்டி விளக்குக்கு முன்னால் சாலை கைக்கெட்டும் தூரம்தான் தெரிந்தது. செல்லத்தாய் வாசல் தெளித்து முடித்து, கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றார். கருவியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மண் காய்ந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் தெளித்திருக்கிறார். வலைமேல் எச்சம் வெள்ளையாக வழிந்து உறைந்திருந்தது. ஒரு யூகலிப்டஸ் இலையும் ஒட்டியிருந்தது.

“நீங்க சொன்னதுலேர்ந்து தொடலீங்க” என்றார் அவசரமாக. “இப்பிடிக் கெடக்கேண்டு மனசு கேக்கல. ஆனா தொடல. சோலி ஏதும் கெட்டுப்போச்சாங்க எங்களால?”

முன்பு பதறிச் சொன்ன ‘இல்லை’ இப்போது வரவில்லை. உள்ளே இருக்கும் வாளியின் கணக்கை இனி எந்த நாட்டிலும் யாரும் படிக்கப் போவதில்லை என்பதை இவரிடம் எப்படிச் சொல்வது?

“உங்களால் ஒன்றும் கெடவில்லை அக்கா. சோலி முடிந்துவிட்டது. இனிமேல் நீங்கள் கழுவலாம்.”

“நெசமாவா?”

“நிசமாகத்தான்.”

முகம் மலர்ந்துவிட்டது. “அப்பாடா” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்ச் செம்பில் தண்ணீரோடு வந்தார். வலைமேல் மெல்ல ஊற்றி, உள்ளங்கையால் தேய்த்து, இலையை எடுத்துப் போட்டு, மறுபடி ஊற்றினார். நான் குனிந்து காதை வைத்தேன். உள்ளே சின்ன வாளி நிறைந்து, டக்கென்று கவிழ்ந்தது.